தெருநாய்களை மீட்பதால் என்ன கிடைக்கும்? ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோவையில் வேலை, 26 வயது, மாதச் சம்பளம் 28,000 ரூபாய். குடியிருக்கும் தெருவின் காலி மனையில் ஒரு பெட்டை நாய் ஐந்து குட்டிகள் போட்டிருக்கிறது. அவை கண் திறந்து ஒரு வாரம் ஆகிறது. அலுவலக நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நாய்களை மீட்கும் குழு ஒன்றைத் தொடங்க நினைக்கிறீர்கள். சோறு வைக்கக் கூடாது என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். "இதனால் உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?" என்று அம்மா கேட்கிறார். அதே கேள்வியை இங்கே எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "போன வருடம் ஒரு குட்டியைத் தூக்கிவந்தேன், இரத்தமாகக் கழிந்து நான்காம் நாள் இறந்துவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. மறுபடி இறங்கினால் தாங்குவேனா, தாங்கினாலும் என் ஒருவரால் எதுவும் மாறுமா என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் நாமக்கல்லில் படித்த கால்நடை மருத்துவன். படிப்பு முடிந்த முதல் நான்கு ஆண்டுகள் தெருநாய்களுக்கான கருத்தடை மையம் ஒன்றில் அறுவை சிகிச்சை செய்தேன். அதன் பிறகு 14 ஆண்டுகளாகத் திருச்சியில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் தெருநாய்களுக்கு. நோய், மருந்து, அறுவை சிகிச்சை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நாயின் குணத்தையும் தெருவில் இருப்பவர்களின் குணத்தையும் பற்றிச் சொல்வது என் அனுபவம் மட்டுமே. உங்கள் தெருவில் அது வேறு மாதிரி இருக்கலாம். சட்டத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. வேலைக்குத் தேவையான அளவுக்குத்தான் படித்திருக்கிறேன்.

முதலில் அந்தக் குட்டி. நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அது பார்வோவாக, அதாவது குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோயாக, இருக்கவே வாய்ப்பு அதிகம். பரிசோதனை செய்யாமல் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்வோ கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்படப் பெரும்பாலும் மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை, சில நேரங்களில் இரண்டு வாரம் கூட ஆகும். உங்கள் வீட்டில் எத்தனையாவது நாளில் கழிச்சல் தொடங்கியது என்று யோசித்துப் பாருங்கள். நான்காம் நாளே இறந்துவிட்டது என்றால், நீங்கள் கையில் எடுப்பதற்கு முன்பே கிருமி அதற்குள் இருந்திருக்க வேண்டும். நீங்கள் பால் கொடுத்ததாலோ குளிப்பாட்டியதாலோ அது இறக்கவில்லை. இந்த ஒரு வருடமாக அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தால் இன்று இறக்கி வைத்துவிடுங்கள்.

என்ன கிடைக்கும் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில், உறையூர்ப் பக்கம் ஒரு தெருவிலிருந்து வருகிறது. அங்கே நான் வேலையைத் தொடங்கியபோது 23 நாய்கள் இருந்தன. ஒரு டீக்கடைக்காரர், ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், நான் என்று ஐந்து பேர். ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம்: நிறம், ஆணா பெண்ணா, எங்கே படுக்கும், யார் சோறு போடுகிறார்கள், கருத்தடை ஆன தேதி, ரேபிஸ் ஊசி போட்ட தேதி. எல்லா நாய்க்கும் கருத்தடை முடிக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தெருவில் நாய்களை வெறுத்த ஒருவர் இருந்தார். அவருடைய எட்டு வயது மகளை ஒரு நாய் கடித்திருந்தது. அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட அரசு மருத்துவமனைக்கு ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி கூடவே போனாள். வாதம் எதுவும் செய்யவில்லை, கூடப் போனாள், அவ்வளவுதான். அவர் இன்று வரை எந்த நாயையும் தடவிக்கொடுத்ததில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு ஒரு காலையில் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டர், முருகன் கோயில் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. காதில் வெட்டு இல்லை" என்றார். கருத்தடை முடிந்த நாய்க்கு அடையாளமாகக் காதில் சிறிய வெட்டு போடுவோம். நாயைப் பிடிக்காத ஒரு மனிதர் அந்த வெட்டைத் தேடிப் பார்த்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தவற்றில் பெரியது எது என்று கேட்டால் அந்த அழைப்பைத்தான் சொல்வேன்.

ஆகவே உங்களுக்கு என் முதல் வேண்டுகோள்: மீட்புக் குழு தொடங்காதீர்கள். உங்கள் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்புக் குழு என்று பெயர் வைத்த மறுநாளிலிருந்து நகரத்தின் நான்கு மூலையிலிருந்தும் அழைப்பு வரும். சிங்காநல்லூரில் கார் மோதியது, துடியலூரில் புழு வைத்தது, சாய்பாபா காலனியில் சாக்கில் கட்டிப் போட்டது என்று இரவெல்லாம் ஓடுவீர்கள். ஒவ்வொன்றும் உண்மையான துன்பம்தான். ஆனால் ஓடி ஓடித் தூக்கும்போது எந்த நாய்க்கும் அதன் பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது. மனம் முறிவது அங்கேதான். ஆறு மாதத்தில் விட்டுவிட்டுப் போன நல்ல பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் அன்பு குறைவாக இருந்ததில்லை. திரும்பி வந்து பார்க்க ஒரு தெரு இல்லாததே குறை.

இதில் உறுதியாகத் தெரிந்தவை சில இருக்கின்றன. நாய்களைக் கொன்று எண்ணிக்கையைக் குறைக்க முடியாது என்பதைச் சென்னை நகரம் தன் அனுபவத்தில் கற்றுக்கொண்டது. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. உச்சத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. உணவும் இடமும் அப்படியே இருக்கும்போது, எஞ்சிய நாய்களின் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற யோசனையை 1964-லேயே முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். நடுவில் 32 ஆண்டுகள். சோர்வு வரும்போதெல்லாம் அந்த இடைவெளியை நான் நினைத்துக்கொள்வேன். அதே வழிதான் பின்னர் 2001-ல் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளாக நாடு முழுமைக்கும் வந்தது. 2023-ல் புதிய விதிகள் அதன் இடத்துக்கு வந்தன. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வரக் காரணமானவரும், அதன்படி அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்துக்காக நாம் நினைவு வைத்திருக்கும் ஒருவர், இந்த வேலைக்காகவும் நினைவில் இருக்க வேண்டும்.

ரேபிஸ் பற்றியும் ஐயத்துக்கு இடமில்லை. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமே வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர் இந்தியாவில் இறக்கிறார்கள். ஒரு பகுதியில் இருக்கும் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நாய்களுக்குள் நோய் பரவுவது அறுந்துவிடும். உங்கள் தெருவில் பத்து நாய் என்றால் ஏழு. ஆண்டுக்கு ஒருமுறை ஏழு ஊசி என்பது மூன்று பேரால் செய்ய முடிந்த காரியம். நீங்கள் நாய்களுக்காகச் செய்யும் அதே வேலை, எதிர்வீட்டுக்காரரின் பிள்ளைக்காகவும் செய்யும் வேலை. அவரிடம் பேசும்போது நாய்ப் பாசத்தில் தொடங்காதீர்கள், இதிலிருந்து தொடங்குங்கள்.

ஐயமுள்ளவற்றையும் சொல்லிவிடுகிறேன். கருத்தடை செய்தால் நாய் சாதுவாகிவிடும் என்று பலர் வாக்குக் கொடுக்கிறார்கள். அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். குட்டிகளைக் காக்கும் தாய் நாய் கடிப்பதும், பருவத்துக்கு வந்த பெட்டையைச் சுற்றி ஆண் நாய்கள் கூட்டமாகச் சண்டையிடுவதும் கருத்தடையால் குறையும். ஜெய்ப்பூரில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த திட்டத்தில் நாய்க்கடிகள் குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் பயத்தால் கடிக்கும் நாய், அடிபட்டு அடிபட்டு மனிதர்களை நம்பாமல் போன நாய், வண்டியைத் துரத்தும் நாய், இவை அறுவை சிகிச்சையால் மாறும் என்று என்னால் சொல்ல முடியாது. சில மாறியிருக்கின்றன, சில மாறவில்லை. அதேபோல எத்தனை சதவீத நாய்களுக்குக் கருத்தடை செய்தால் எண்ணிக்கை இறங்கும் என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பக்கத்துத் தெருவிலிருந்து நாய் வந்துகொண்டிருந்தால், காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருந்தால், எந்தக் கணக்கும் பொய்த்துவிடும். போன மாதம் என் கிளினிக் வாசலில் ஒரு ஹஸ்கியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திருச்சி வெயிலில் ஹஸ்கி! சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் பிறந்த மண்ணில், பனிநாட்டு நாயை விலைக்கு வாங்கி இரண்டு வருடத்தில் தெருவில் விடும் இந்தப் பழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்குவதில்லை.

நீங்கள் நாயைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூன்று பேரும் ரேபிஸ் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று தவணை. இதை முடித்தவர்களை நாய் கடித்தால் அதன் பிறகு இரண்டு ஊசி போதும், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத ஊசி தேவைப்படாது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாயைப் பத்து நாள் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்கலாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். எச்சில் ஒழுகிக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்தால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று வாய்க்குள் விரல் விடத் தோன்றும். குட்டியாக இருந்தாலும் விடாதீர்கள். ரேபிஸ் பல நேரங்களில் வெறி பிடித்து ஓடாது, இப்படித்தான் அமைதியாக நிற்கும்.

என் தவறுகள் இரண்டைச் சொல்கிறேன், நீங்கள் அவற்றைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. கருத்தடை மையத்தில் வேலை பார்த்த முதல் ஆண்டில், அன்றைய கணக்கை முடிக்கும் அவசரத்தில் வண்டியில் வந்த பெட்டை நாய் ஒன்றின் மடியைச் சரியாகப் பார்க்காமல் அறுவை சிகிச்சை செய்துவிட்டேன். பால் சுரந்துகொண்டிருந்தது. அதன் குட்டிகள் எங்கோ இருக்கின்றன என்று உணர்ந்தபோது மாலையாகிவிட்டது. பிடித்த இடத்துக்குப் போய் இரவு முழுவதும் தேடினோம். பாலத்துக்கு அடியில் நான்கு குட்டிகள். இரண்டு உயிரோடு இருந்தன. இரண்டாவது, என் வீட்டுக் கொட்டகையில் நடந்தது. தாயில்லாத ஆறு குட்டிகளை வைத்திருந்த இடத்தில், பார்க்க நன்றாக இருந்த ஏழாவது குட்டியைச் சேர்த்தேன். ஐந்தாம் நாள் அது வாந்தி எடுத்தது. பத்து நாளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது, பிளீச்சிங் திரவம் வேண்டும். புதிதாக வரும் எந்தக் குட்டியையும் குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும். போன வருடம் குட்டி இருந்த உங்கள் வீட்டுக்கு இந்த ஐந்து குட்டிகளைக் கொண்டுபோகக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அந்த ஐந்து குட்டிகள். தாய் இருக்கும்போது தூக்காதீர்கள். காலி மனையில் கிடக்கின்றனவே என்று உங்களுக்குப் பதறும்; ஆனால் அவற்றுக்கு இப்போது தேவையான உணவும் சூடும் நோய் எதிர்ப்பும் தாயிடம்தான் இருக்கின்றன. நீங்கள் தாய்க்குச் சோறு போடுங்கள். கோழித் தலை, ஈரல், முட்டை போட்டு வேகவைத்த சோறு போதும். வேகவைத்த எலும்பை எடுத்துவிடுங்கள், அது சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிஸ்கட் கூப்பிடுவதற்கு மட்டும், அதையே உணவாக்காதீர்கள். மழை பெய்தால் ஒரு பழைய மேசையைக் கவிழ்த்துத் தார்ப்பாய் போட்டால் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டிகள் எதைப் பார்த்துப் பழகுகின்றனவோ அதைக் கண்டு பின்னாளில் பயப்படாது. அந்தக் காலத்தில், தாய் உங்களை நம்பத் தொடங்கியதும், தெருவின் பெரியவர்கள் சிலரையும் அழைத்துப்போய்ப் பழக்குங்கள். குட்டிகள் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்போது முதல் பார்வோ தடுப்பூசி; பிறகு நான்கு மாதம் ஆகும் வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை; மூன்று மாதத்தில் ரேபிஸ். குட்டிகள் பால்குடி மறந்து மடி வற்றியதும் தாய்க்குக் கருத்தடை. மறுபடி பருவத்துக்கு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். சினையானால் இரண்டே மாதத்தில் அடுத்த ஈற்று.

ஐந்தும் பிழைக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்காதீர்கள். கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் இனப்பெருக்க வயதை எட்டியது. இறந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை மனிதர்களால், வண்டியாலோ விஷத்தாலோ தூக்கிச் செல்லப்பட்டோ போனவை. ஒரு தெரு கவனித்தால் இந்தக் கணக்கு மாறும் என்பது என் நேரடி அனுபவம். இதில் பெண் குட்டிகளின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தத்து கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "ஆண் குட்டி இருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். பெண் என்றால் குட்டி போடும், தொல்லை என்பார்கள். குப்பைமேட்டில், சந்தை மூலையில், பஸ் நிலையத்தின் பின்புறம் அட்டைப் பெட்டியில் கிடப்பவை பெரும்பாலும் பெண் குட்டிகள். பெண் குட்டியைத் தத்து கொடுக்கும்போது, "ஆறு மாதத்தில் கருத்தடையை நாங்களே செய்து தருகிறோம்" என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வாக்கு பல வீடுகளின் கதவைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். 28,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் 2,000-க்கு மேல் இதற்குச் செலவழிக்காதீர்கள். மூன்று பேர் என்றால் 6,000. சோற்றுக்கும் தடுப்பூசிக்கும் அது போதும். கருத்தடைக்கு மாநகராட்சியின் மையத்தை நாடுங்கள். விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் மூலம் கருத்தடை நடத்துவது உள்ளாட்சியின் பொறுப்பு; நீங்கள் மனுவோடு போய்க் கேட்கலாம். வார்டு கவுன்சிலர், சுகாதார ஆய்வாளர், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம், எல்லாம் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. நோட்டுடன் போகிறவருக்கு மரியாதை அதிகம். "எங்கள் தெருவில் நிறைய நாய்" என்றால் கேட்டுக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "பதினோரு நாய், ஆறு பெண், நான்குக்குக் கருத்தடை ஆகவில்லை, இதோ படம்" என்றால் தேதி கேட்டு எழுதிக்கொள்வார்கள். நாயைப் பிடிக்க வரும் நாளில் நீங்கள் கூடவே இருங்கள். திரும்ப அதே இடத்தில் இறக்கிவிடும் நாளிலும் இருங்கள். நன்கொடை வாங்கினால் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதைக் காட்டுங்கள். வீட்டில் எத்தனை நாய் வரை என்று இன்றே முடிவு செய்து அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். இரண்டில் தொடங்கி நாற்பதில் முடிந்து, நாய்களும் மனிதர்களும் சேர்ந்து துன்பப்பட்ட வீடுகளுக்குள் மருத்துவனாக நான் போயிருக்கிறேன். அந்தக் கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் இளகிய மனம் படைத்தவர்கள்தான்.

எதிர்வீட்டுக்காரர் விஷயத்தில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. 2023 விதிகள் சோறு போடுவதைத் தடுக்கவில்லை. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, கட்டட வாசல் ஆகியவற்றிலிருந்து தள்ளி ஓர் இடத்தையும் நேரத்தையும் குடியிருப்போர் சங்கம் வகுத்துத்தர வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்டு 22-ல் உச்ச நீதிமன்றமும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை, ரேபிஸ் அறிகுறியுள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், சோறு அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ல் வந்த உத்தரவு, பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. இவை மாறிக்கொண்டே இருப்பவை, மனு எழுதும் நாளில் நிலவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தைக் காட்டி வாயை அடைப்பதைவிட, அவர் வாசலிலிருந்து சோற்றுத் தட்டை ஐம்பது அடி தள்ளி வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிந்ததும் இடத்தைக் கூட்டிவிட்டு வாருங்கள். ஒரு மாதம் செய்து பாருங்கள். அவருக்கு நாய் பிடிக்காமலே போகட்டும். தன் தெருவை நீங்கள் அசுத்தமாக்கவில்லை என்று தெரிந்தால் போதும்.

எல்லா நாயையும் காப்பாற்ற முடியாது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் நரம்பைத் தாக்கி, தலையும் காலும் இடைவிடாமல் துடித்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் கிடக்கும் நாயை வைத்துக்கொண்டு, "நம்பிக்கையை விடாதீர்கள்" என்று பேசுவது கொடுமை. அமைதியாக அனுப்பிவைக்கும் முடிவை ஒரு மருத்துவர் உங்களோடு சேர்ந்து எடுப்பார். அப்போது தலையை மடியில் வைத்துக்கொண்டு கூட இருங்கள். அதே நேரம், பார்த்தவுடன் போய்விடும் என்று தோன்றுகிறவை பல பிழைத்துவிடுகின்றன. உடல் முழுக்க மயிர் உதிர்ந்து சொறி பிடித்த நாய் இரண்டு மாதத்தில் அடையாளம் தெரியாமல் மாறும். பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் பூப்போன்ற கட்டி வந்த நாய், வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் ஊசியில் சில வாரங்களில் குணமாகும். தலையில் கை நுழையும் அளவுக்குப் புழு வைத்த புண், சுத்தம் செய்தால் உள்ளிருந்து தசை வளர்ந்து மூடிக்கொள்ளும். காணச் சகிக்காத நோய்களில் பல எளிதில் தீர்பவை. புதிதாக வருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. போரில் விழுந்த வீரனுக்கு எடுத்த கல். அதிலேயே அவனுடைய நாயையும் செதுக்கி, அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஒரு விடுமுறை நாளில் அதைப் போய்ப் பார்த்தேன். 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் ஒரு நாய்க்கு நன்றி சொல்லியிருக்கிறது என்பதை அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றபோது என்னால் நம்ப முடிந்தது. உங்கள் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் தன் தெருவில் இறக்கிவிட்ட நாய், ஒவ்வொரு தூணாக முகர்ந்துகொண்டு தன் வழக்கமான இடத்துக்கு ஓடிப்போய்ப் படுப்பதை ஒருமுறை அவரையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மூன்று பேரும் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தாய் நாயின் பெயரில் முதல் பக்கத்தைத் தொடங்குங்கள். அது சாப்பிட எழுந்து வரும்போது, குட்டிகளைத் தூக்காமல், சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். ஐந்தில் பெண் குட்டிகள் எத்தனை என்று தெரிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.